‘மேகே தாக்கா தாரா’: இரு சகோதரிகளும் ஒரு வீடும்

வீட்டுக்கு மூத்த பெண் தன் வாழ்வைத் தேய்த்துப் பெற்றோரையும் உடன்பிறந்தாரையும் வாழவைக்கும் கதை எமக்குப் புதியதன்று. தமிழ்ச் சிறுகதைகளும் நாடகங்களும் திரைப்படங்களும் அவளை மெழுகுவர்த்தி என்றும் சந்தனக்கட்டை என்றும் போற்றி வந்துள்ளன. அவள் தேய்வதைக் கண்டு கண்ணீர் சிந்துவதும், சிந்திய பின் மனநிறைவோடு வீடு திரும்புவதும் எமக்குப் பழக்கமாகிவிட்டன. அம்மனநிறைவு நேர்மையானதுதானா என்று எம்மைக் கேட்கும் படைப்புகள் மிகச் சிலவே. வங்காள நெறியாளர் ரித்விக் கட்டக் 1960இல் வெளியிட்ட ‘மேகே தாக்கா தாரா’ அவற்றுள் ஒன்று. ‘முகில் மறைத்த தாரகை’ என அதன் பெயரைத் தமிழாக்கலாம்.

இப்படத்தைத் தியாகத்தின் காவியம் எனப் பாராட்டுவோர் பலர். பாராட்டு நல்லெண்ணத்தின்பாற்பட்டதாயினும் அது படத்தின் மையத்தைத் தவறவிடுகின்றது என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. கட்டக் தியாகத்தைப் போற்றவில்லை. அதனை விசாரணைக்கு உட்படுத்துகின்றார். ஒருத்தியின் தியாகத்தை வேண்டிநிற்கும் வீடு எத்தகையது, அத்தியாகத்தால் வாழ்வு பெற்றோர் எவ்வாறு வாழ்கின்றனர், தியாகம் செய்தவளே அதனைப் பற்றி இறுதியில் என்ன கூறுகின்றாள் என்பனவே அவர் எழுப்பும் வினாக்கள். இவற்றுக்கு விடைகாணும் பொருட்டு ஒரே கூரையின் கீழ் வளர்ந்த நீதா, கீதா என்னும் இரு சகோதரிகளை அவர் அருகருகே நிறுத்துகின்றார்.

1

படத்தினை ஆராயுமுன் அதன் பின்னணியைச் சுருக்கமாக நோக்குதல் தகும். கட்டக் 1925இல் டாக்காவிற் பிறந்தவர். இளமையில் இந்திய மக்கள் நாடக மன்றத்தோடு இணைந்து நாடகம் எழுதியும் நடித்தும் நெறிப்படுத்தியும் வந்தவர். 1947இல் வங்காளம் இரண்டாகப் பிளவுண்டமை அவரது வாழ்நாள் முழுவதும் ஆறாத புண்ணாக இருந்தது. ‘மேகே தாக்கா தாரா’வும், அதனைத் தொடர்ந்த ‘கோமல் காந்தார்’ (1961), ‘சுபர்ணரேகா’ (1965) ஆகியனவும் அப்புண்ணிலிருந்து பிறந்த மூன்று படங்களாகும். 1976இல் அவர் காலமானார். உயிரோடிருந்த காலத்தில் அவருடைய படங்களுள் மக்களின் ஆதரவைப் பெருமளவிற் பெற்றது ‘மேகே தாக்கா தாரா’ ஒன்றே எனலாம்.

சக்திபத ராஜ்குருவின் கதையைத் தழுவிய இப்படத்தின் களம் கல்கத்தாவின் புறநகரில் அமைந்த அகதிகள் குடியிருப்பு. கிழக்கு வங்காளத்திலே நிலமும் மதிப்பும் உடையனவாயிருந்த நடுத்தரக் குடும்பங்கள் ஓலைக்கும் மூங்கிலுக்கும் வந்துசேர்ந்த இடம் அது. இக்குடும்பங்களிலே ஆண்களின் வருமானம் போதாமற் போனபோது பெண்கள் பெருந்தொகையாக அலுவலகங்களுக்குச் செல்லத் தொடங்கினர். வீட்டு வாயிலைத் தாண்டாதிருந்த பெண் சம்பளம் பெறுபவளானது சமூக வரலாற்றில் ஒரு திருப்பமே. எனினும் சம்பளம் பெறுபவளுக்கு அச்சம்பளத்தின் மீது உரிமை கிடைத்ததா என்பது வேறு வினா. சத்யஜித் ராயின் ‘மகாநகர்’ (1963) உழைக்கச் சென்ற பெண்ணுக்குக் கிடைத்த தன்மதிப்பைக் காட்டிற்று. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னரே கட்டக் அதன் மறுபக்கத்தைக் காட்டியிருந்தார்.

2

கதை எளிமையானது. தந்தை பள்ளி ஆசிரியர். ஆங்கிலக் கவிஞரின் அடிகளை வாய்நிறையச் சொல்லி மகிழ்பவர். தாய் பற்றாக்குறையோடு நாள்தோறும் போராடிக் கடுமையேறிப் போனவள். மூத்த மகன் சங்கர் இசையிற் புகழடைய வேண்டுமென்னும் கனவோடு வருமானமின்றித் திரிபவன். இளைய மகன் மண்டுவுக்கு விளையாட்டில் மோகம். கீதா இளையவள், அழகி. நீதா படித்துக்கொண்டே பிள்ளைகளுக்குப் பாடஞ்சொல்லிக் கொடுத்து வீட்டுக்கு உதவுகின்றாள். தந்தையின் பழைய மாணவனும் விஞ்ஞான ஆய்வாளனுமாகிய சனத்தை அவள் விரும்புகின்றாள். அவனும் அவளை விரும்புகின்றான்.

தந்தை விபத்துக்குள்ளாகி வேலையை இழக்கின்றார். நீதா படிப்பை நிறுத்தி அலுவலகமொன்றிற் சேர்கின்றாள். திருமணத்துக்குச் சிறிது காலம் பொறுக்கும்படி சனத்தைக் கேட்கின்றாள். அவன் பொறுக்கவில்லை, கீதாவை மணந்துகொள்கின்றான். சங்கர் பம்பாய்க்குச் செல்கின்றான். தொழிற்சாலையிற் சேர்ந்த மண்டு இயந்திரத்திற் சிக்கிக் காயமடைகின்றான். எல்லாச் சுமைகளையும் தாங்கிய நீதாவைச் சயரோகம் பற்றுகின்றது. புகழ்பெற்ற பாடகனாகத் திரும்பும் சங்கர் அவளை ஷில்லோங் மலையிலுள்ள சுகநிலையத்திற் சேர்க்கின்றான்.

இவ்வாறு சுருக்கிக் கூறும்போது இது எத்தனையோ முறை கேட்ட கதையாகவே தோன்றும். கட்டக்கின் தனித்துவம் கதையில் இல்லை. கதையை அவர் எண்ணிப்பார்த்த முறையிலே உள்ளது.

3

தொடக்கத்திலேயே நீதாவின் செருப்பு வார் அறுகின்றது. அவள் ஒரு கணம் நின்று, அதனைக் கையிலெடுத்துக்கொண்டு நடந்துசெல்கின்றாள். பின்னர் மாத முதலிற் கைக்கு வந்த பணத்தோடு வீட்டுக்கு வருகின்றாள். கீதாவுக்குச் சேலை வேண்டும். மண்டுவுக்குப் பந்தாட்டக் காலணி வேண்டும். சங்கருக்குச் சில்லறை வேண்டும். தாய்க்கு அடுப்பெரிய வேண்டும். எவரும் பறிக்கவில்லை; எல்லோரும் கேட்கின்றனர். கேட்பதற்கு ஒவ்வொருவரிடமும் நியாயம் இருக்கின்றது. நீதாவும் சிரித்த முகத்தோடே கொடுக்கின்றாள். கொடுத்து முடித்தபின் அவளுக்கென எஞ்சுவது ஒன்றுமில்லை.

பிற்பகுதியிலே நிகழும் கொடுமைகள் யாவற்றுக்கும் வித்து இக்காட்சியிலேயே உள்ளது. வெளிப்படையான வன்முறை எதுவும் இவ்வீட்டில் இல்லை. அன்பும் கேலியும் பாட்டும் நிறைந்த வீடு அது. அவ்வன்பின் ஊடாகவே சுரண்டல் நிகழ்கின்றது என்பதைக் கட்டக் உணர்ந்திருந்தார். நெறியற்ற தந்தையையோ குடிகார அண்ணனையோ காட்டியிருந்தால் பார்வையாளர் தமது கோபத்தை ஓரிடத்திற் கொட்டிவிட்டு அமைதியடைந்திருப்பர். இங்கே அவ்வாறு கொட்டுவதற்கு இடமில்லை. ஒவ்வொருவரும் சிறிதளவே எடுக்கின்றனர். சிறிது சிறிதாக எடுக்கப்பட்டே ஒருத்தி முழுவதும் தீர்ந்துபோகின்றாள்.

தாயின் பாத்திரத்தைக் கூர்ந்து நோக்கினால் இது தெளிவாகும். நீதா மணஞ்செய்து போய்விட்டால் உலையேற்ற அரிசி இராது என்பது அவளுக்குத் தெரியும். சனத்தும் நீதாவும் உரையாடுவதை அடுப்படியிலிருந்து அவள் செவிமடுக்கும்போது, உலை கொதிக்கும் ஓசை வழமைக்கு மாறாக உயர்ந்து காட்சியை நிரப்புகின்றது. அவ்வோசை தாயின் அச்சமாகவும் பசியின் குரலாகவும் ஒலிக்கின்றது. பின்னர் அவள் கீதாவைச் சனத்தோடு பழக விடுகின்றாள். பெற்ற மகளின் வாழ்வைப் பெற்ற தாயே குலைக்கின்றாள். ஆயினும் கீதா டே என்னும் நடிகையின் முகத்திலே கொடியவளின் சாயலைக் காண்பதரிது. சோர்ந்துபோன இல்லத்தரசியின் முகமே அது. வறுமை தாய்மையை எதுவாக மாற்றவல்லது என்பதை இதனினும் தெளிவாகக் காட்டுதல் கடினம்.

4

இனி இரு சகோதரிகளிடம் வருவோம். பலர் கீதாவைச் சுயநலக்காரி எனக் கூறி ஒதுக்கிவிடுகின்றனர். அவள் கண்ணாடி முன் நின்று தன்னை அழகுபடுத்துகின்றாள்; அக்காவின் உழைப்பிற் சேலை கட்டுகின்றாள்; அக்காவின் காதலனையே கைப்பற்றுகின்றாள். இவற்றை மறுப்பதற்கில்லை. எனினும் கீதாவுக்கு அவ்வீடு வேறு எவ்வழியைத் திறந்துவைத்திருந்தது எனக் கேட்டல் வேண்டும். அவ்வீட்டிலே பெண்ணுக்கு இரு வாயில்களே உள. ஒன்று அலுவலகத்துக்குச் செல்வது. மற்றையது கணவன் வீட்டுக்குச் செல்வது. முதல் வாயிலால் வெளியே சென்ற அக்கா மாலைதோறும் களைத்துத் திரும்புவதை அவள் கண்டுகொண்டிருக்கின்றாள். வறுமையோடு வளர்ந்த இளம்பெண் இரண்டாவது வாயிலை நாடியதில் வியப்பென்ன? நீதாவின் கொடையும் கீதாவின் பறிப்பும் ஒரே பற்றாக்குறையின் இரு விளைவுகள். அக்கா ஒருத்தி கொடுக்கக் கொடுக்கத் தங்கை எடுக்கப் பழகுகின்றாள். தியாகம் செய்பவள் தன்னை மாத்திரம் அழித்துக்கொள்வதில்லை. தன்னைச் சுற்றியிருப்போரின் மனச்சான்றையும் மழுங்கச் செய்கின்றாள். ‘மேகே தாக்கா தாரா’ எமக்குக் கூறும் கசப்பான உண்மை இதுவே.

மணத்தின் பின் கீதாவும் நிறைவடைந்தாளில்லை. ஆய்வைக் கைவிட்டு உத்தியோகத்துக்குப் போன சனத்தின் மனம் மீண்டும் நீதாவை நாடுகின்றது. கீதாவைச் சந்தேகம் அரிக்கின்றது. நீதாவை முகில் மறைத்த தாரகையாகத் தன் கடிதத்திற் கண்டவன் சனத். அவளது ஒளியை இனங்கண்டவனே அவளைக் கைவிடுகின்றான் என்பது படத்தின் பெயரிலேயே பொதிந்துள்ள முரண்.

இரு சகோதரியரின் உறவு பற்றி இசையோடு தொடர்புடைய ஒரு செய்தியையும் குறிப்பிடல் வேண்டும். கீதாவின் திருமணத்தை ஒட்டிய இரவிலே, வீட்டைவிட்டுப் புறப்படவிருக்கும் சங்கரிடம் நீதா ஒரு பாடலைக் கற்றுத்தரும்படி கேட்கின்றாள். புயலிரவு பற்றிய தாகூரின் பாடலை இருவரும் இருளிற் பாடுகின்றனர். சங்கரின் குரலாக ஒலிப்பது தேபப்பிரத விஸ்வாஸின் குரல். நீதாவின் குரலாக ஒலிப்பதோ, கீதாவாக நடித்த கீதா கட்டக்கின் குரல். தங்கையாக நடித்தவளின் குரலிலேயே அக்காவின் துயரம் பாடப்படுகின்றது. வாய்ப்புக் கருதிச் செய்யப்பட்டதேயாயினும் இதனை அறிந்தபின் அக்காட்சியை முன்போலக் காணமுடியாது. பாடல் முடியும் தறுவாயிற் சாட்டையடியின் ஓசை காற்றைக் கிழிக்கின்றது. நீதா நிமிர்ந்து, பின் உடைந்து அழுகின்றாள். சனத்தின் வீட்டிலே வேறொரு பெண் இருப்பதை அறிந்து அவள் படியிறங்கி வந்தபோதும் இதே ஓசையைக் கேட்டோம். கதையுலகில் எவர் கையிலும் சாட்டை இல்லை. கேட்பவர் நாமே, ஆதலின் அடிப்பவர் யார் என்ற வினாவும் எம்மிடமே வந்துசேர்கின்றது.

படத்தின் இசை பற்றித் தமிழர் மகிழத்தக்க ஒன்றுண்டு. சங்கருக்காகச் சாத்திரிய இசை பாடிய ஏ. ரி. கானன் சென்னையிற் பிறந்து கல்கத்தாவை வாழ்விடமாகக் கொண்டவர். படத்தில் அவர் பாடும் அம்சத்வனியும் தென்னகத்திலிருந்து வடக்கே சென்ற இராகம். சங்கரின் சாதகத்துக்கு ஊடாகப் புகைவண்டி ஓசையெழுப்பிச் செல்வதைத் தொடக்கத்திலேயே காண்கின்றோம். இனிமைக்கும் அதனைக் குலைக்கும் காலத்துக்குமிடையிலான மோதல் அங்கேயே ஒலித்துவிடுகின்றது.

5

வங்காளத்திலே துர்க்கை வெறுந் தெய்வமல்லள்; வீட்டின் மகளுமாவாள். ஆண்டுதோறும் இலையுதிர்காலத்தில் உமையாகத் தாய்வீட்டுக்கு வந்து, சில நாட்களின் பின் கைலாயத்துக்குத் திரும்பும் அவளைத் தாய்மார் கண்ணீரோடு வழியனுப்பும் பாடல்கள் அங்கு வழக்கிலுள்ளன. நீதா ஜகத்தாத்திரி பூசை நாளிற் பிறந்தவள் எனப் படம் கூறுகின்றது. உலகைத் தாங்குபவள் என்பதே அத்தெய்வப் பெயரின் பொருள். உமையை வழியனுப்பும் நாட்டார் பாடலின் இசையும் உரிய இடத்தில் ஒலிக்கின்றது. சிறுவயதில் அண்ணனோடு மலைப்பிரதேசத்தில் எடுத்த புகைப்படத்தை நீதா பேணி வைத்திருக்கின்றாள். மீண்டும் மலைக்குச் செல்லவேண்டுமென்பது அவளது நெடுநாள் ஆசை. அவ்வாசை நிறைவேறுகின்றது, நோயாளியாக.

இத்தொன்மத்தை முன்வைத்து நீதாவைத் தெய்வமாக்கிவிட்டார் கட்டக் எனக் கொள்வோரும் உளர். உண்மை இதற்கு மாறானது. மகளைத் தெய்வமெனக் கொண்டாடும் பண்பாடு அம்மகளுக்கு உயிர் வாழும் உரிமையை மறுப்பதையே அவர் இத்தொன்மத்தாற் காட்டுகின்றார். உமைக்குக் கைலாயத்திற் கணவன் காத்திருக்கின்றான். நீதாவுக்குக் காத்திருப்பது சுகநிலையத்தின் கட்டில். வணக்கம் என்பது சில வேளைகளிற் பலியின் முதற்சடங்கு என்பதை இதனினும் அழுத்தமாகக் கூறவியலாது.

இவ்விசாரணையின் உச்சம் இரு இடங்களில் உள்ளது. ஒன்று தந்தையின் குற்றச்சாட்டு. நீதாவின் நோய் தெரியவந்தபோது முதியவர் கையை நீட்டி ஆங்கிலத்திற் குற்றஞ்சாட்டுகின்றார். யாரை என வினவப்பட்டதும் ஒருவரையுமில்லை என்று அடங்கிவிடுகின்றார். முற்காலத்தார் சாகக்கிடந்த கிழவருக்குப் பெண்களைக் கட்டிவைத்தனர், அவர்களை அநாகரிகர் என்கின்றோம். நாமோ பெண்ணைப் படிக்கவைத்துப் பின் பிழிந்தெடுக்கின்றோம் என்னும் பொருள்பட முன்னர் வருந்தியவரும் அவரே. உண்மையை அறிந்தவர் அவர். ஆயினும் அவ்வறிவு மகளுக்கு ஒரு பிடி சோற்றளவும் உதவவில்லை. மழையிரவொன்றில் அவளை வீட்டைவிட்டுப் போகும்படி கூறுபவரும் அவரேயாவர். நாடகாசிரியர் பிஜன் பட்டாசார்யா இப்பாத்திரத்தை ஏற்று நடித்துள்ளார். படித்த நடுத்தர வர்க்கத்தின் கையாலாகாத நல்லுணர்வு அவரது நடுங்கும் விரலில் உறைந்துள்ளது. நூல்களும் கவிதைகளும் கற்ற நாம் அவ்விரலைக் காணும்போது சிறிது வெட்கப்பட்டாகவேண்டும்.

மற்றையது நீதாவின் சொந்த வாக்குமூலம். தன்னிடம் திரும்பிவரும் சனத்திடம், தான் பிராயச்சித்தம் செய்துகொண்டிருப்பதாக அவள் கூறுகின்றாள். அநீதியை ஒருபோதும் எதிர்த்து நில்லாமையே தனது பாவம் என்கின்றாள். இச்சொற்களைக் கேட்டபின்னரும் இப்படத்தைத் தியாகத்தின் புகழ்ச்சி என எவ்வாறு கூறமுடியும்? தியாகியே தன் தியாகத்தைக் குற்றமெனக் காண்கின்றாள். பொறுமை பெண்ணுக்கு அணிகலன் எனப் போதித்துவந்த மரபுக்கு அவள் தன் சொந்த உடலையே சான்றாக வைத்து மறுப்புரைக்கின்றாள்.

6

படத்துக்கு எதிராகக் கூறப்படும் குறைகளையும் நோக்குதல் வேண்டும். துன்பத்தின் மேல் துன்பமாக அடுக்கி மிகையுணர்ச்சி நாடகமாக்கிவிட்டார் என்பது முதலாவது. விபத்து, துரோகம், மீண்டும் விபத்து, சயரோகம் என நிகழ்ச்சிகள் வரிசையாக வருவது உண்மையே. ஆனால் மக்கள் நாடக மேடையிற் பயின்ற கட்டக் மிகையுணர்ச்சியை அறியாமற் கையாண்டவரல்லர். மக்கள் அறிந்த வடிவத்தை எடுத்துக்கொண்டு, சாட்டையடி, உலைக்கொதிப்பு முதலிய இயல்புக்கு மீறிய ஓசைகளால் அவ்வடிவத்தின் சுகத்தைக் குலைக்கின்றார். கண்ணீர் வடிக்க ஆயத்தமானவர் திடுக்குற்று எண்ணத் தொடங்குகின்றார்.

இரண்டாவது குறை இக்கட்டுரையாளர் தாமே உணர்ந்தது. நீதாவுக்கு வழங்கிய அகவாழ்வைக் கட்டக் கீதாவுக்கு வழங்கவில்லை. கமரா நீதாவின் முகத்தைக் கீழிருந்தும் அருகிலிருந்தும் ஓவியமெனத் தீட்டுகின்றது. சுப்ரியா சௌத்ரியின் கண்களில் நீண்டநேரம் தங்குகின்றது. கீதாவையோ புன்னகையும் அசைவுமாகவே காண்கின்றோம். அக்காவின் காதலனை மணந்தவள் முதலிரவிலோ பின்னொருநாளிலோ என்ன நினைத்தாள் என்பதை நாம் அறியோம். கொடூரத் தாய், மோகப் பெண், காக்கும் தாய் எனப் பெண்மையை மூன்றாக வகுத்து நோக்கும் போக்கு கட்டக்கிடம் இருந்ததை விமர்சகர் சுட்டியுள்ளனர். அவ்வகுப்பு நீதாவை உயர்த்திய அளவுக்குக் கீதாவைச் சுருக்கிவிட்டது. அவளுக்கும் ஒரு தனிமைக் காட்சி கிடைத்திருப்பின் படத்தின் வாதம் இன்னும் வலுப்பெற்றிருக்கும்; சகோதரிகள் இருவரும் ஒரே வலையில் அகப்பட்டவர்கள் என்பது ஐயத்துக்கிடமின்றி விளங்கியிருக்கும்.

7

தமிழ்ச் சூழலில் இப்படத்தின் சாயலுடையதெனச் சுட்டப்படுவது கே. பாலச்சந்தரின் ‘அவள் ஒரு தொடர்கதை’ (1974). அதில் சுஜாதா நடித்த கவிதா, நீதாவைப் போலன்றிக் கூர்மையான நாவுடையவள். தன்னை நம்பியிருப்போரைக் கண்டிக்கத் தயங்காதவள். இவ்வகையில் அவள் நீதாவைக் கடந்து நிற்கின்றாள். ஆயினும் இறுதியில் மீண்டும் அதே சுமையை ஏற்றுக்கொண்டு உழைக்கச் செல்பவளாகவே அவளை விட்டுவிடுகின்றது கதை. பார்வையாளர் அவளது மனவுறுதியை வியந்தபடி எழுந்து செல்லலாம். கட்டக்கிடம் பயின்ற ஜோன் ஏப்ரகாம் 1977இல் ‘அக்கிரகாரத்திற் கழுதை’ என்ற தமிழ்ப்படத்தை ஆக்கினார். ஆசிரியரின் வினாவெழுப்பும் துணிவு அவ்வழியே தமிழுக்கும் ஒருமுறை வந்து சென்றது எனலாம்.

‘மேகே தாக்கா தாரா’வின் முடிவு எமக்கு அவ்வாறு வியந்து செல்லும் வாய்ப்பைத் தருவதில்லை. முற்பகுதியில் நீதா மறைத்த சனத்தின் கடிதத்தைப் பறித்துக் கேலி செய்தவன் சங்கர். பம்பாயிலிருந்து திரும்பியவன் அவள் மீண்டும் எதனையோ மறைப்பதைக் கண்டு, காதற் கடிதமென எண்ணிப் பறிக்கின்றான். கையில் வருவது இரத்தம் தோய்ந்த துணி. பின்னர் சுகநிலையத்திலே, கீதாவின் குழந்தையின் குறும்புகளை அவன் சொல்லிக்கொண்டிருக்கின்றான். அவளால் வாழ்ந்த வீட்டின் மகிழ்ச்சி அது. அதைக் கேட்டுக்கொண்டிருந்தவள் திடீரெனத் தான் வாழ விரும்பியதாகக் கதறுகின்றாள். கமரா மலைகளைச் சுற்றிச் சுழல, அக்குரல் எங்கும் எதிரொலிக்கின்றது. வாழ்நாளெல்லாம் பிறர் கேட்கக் கொடுத்தவள் தனக்கென ஒன்றைக் கேட்கும் முதற் சந்தர்ப்பம் அது. கொடுப்பதற்கு எவரிடமும் ஒன்றுமில்லை.

ஆயினும் கட்டக் அங்கும் முடிக்கவில்லை. சங்கர் குடியிருப்புக்குத் திரும்புகின்றான். பலசரக்குக் கடைக்காரர் நீதாவைப் பற்றி விசாரிக்கின்றார். அவ்வழியே வேறொரு பெண் நடந்து வருகின்றாள். அவளது செருப்பு வார் அறுகின்றது. அவள் சங்கரைப் பார்த்துச் சிறிது புன்னகைத்துவிட்டு நடக்கின்றாள். சங்கர் முகத்தை மூடி அழுகின்றான்.

அப்பெண்ணின் பெயரைப் படம் கூறவில்லை. எமது வீடுகளிலும் அவளைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. அக்கா என்றே அழைக்கின்றோம். அவள் அனுப்பிய பணத்திற் படித்துப் பல்கலைக்கழகம் வந்து சேர்ந்தோர் எம்மிடையேயும் உளர். அவளைத் தியாகி எனப் போற்றுவது எளிது. அவளது செருப்பு எப்போது அறுந்தது எனக் கேட்பதே கடினமானது. அவ்வினாவை எம்மிடம் விட்டுச் செல்வதாலேயே ‘மேகே தாக்கா தாரா’ தன் காலத்தையும் மண்ணையும் கடந்து நிற்கின்றது.